சைக்கிள் ரைட்டரின் தேகாப்பியாசம்

சைக்கிளைக் கண்டுபிடித்த மகானுபாவன் எங்கள் சைக்கிள் ரைட்டரை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால், அதை அப்போதே பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டு வேறு பிழைப்புக்குப் போயிருப்பான்.

அந்தக் காலத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் அவர் பெரிய குமாஸ்தா; 'ரைட்டர்' என்றுதான் கூப்பிடுவோம். நான் எதிர் மேஜை. மனிதருக்கு நீரிழிவு. பாதத்தில் ஆறாத புண். வேலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தினமும் உடம்பு வேர்க்கணும், வாயைக் கட்டணும். இல்லேன்னா புண்ணு மேல ஏறும். காலையே எடுக்கறாப்ல ஆய்டும்."

நடந்தால் புண் நோகிறது என்று ரைட்டர் ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

"இன்னாய்யா இது, வயிறா மூட்டையா?" என்று ரூல்தடியால் என் வயிற்றில் தட்டுவார். "ஜாஸ்தி உக்காந்தா ஆயுசு கம்மி. காலைல சைக்கிள் மிதி. கெட்ட ரத்தமெல்லாம் வேர்வையா ஓடிப்போய்டும்!"

இப்படிச் சொன்னவரின் வயிறு அவருக்கு முன்னால் ஆபீசுக்குள் நுழையும்.

ஏறத் தெரிந்த அவருக்கு இறங்கத் தெரியாது. "பிடிங்கடா, பிடிங்கடா!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார். வாட்ச்மேன் ஓடிப்போய் ஹாண்டில்பாரைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருநாள் வாட்ச்மேன் வரவில்லை. ரைட்டர் நேரே போய், கொடியில் உலர்த்தியிருந்த ஆட்டுத்தோல்களுக்குள் புகுந்தார். தலையில் ஒரு தோல், தோளில் ஒரு தோலோடு எழுந்து நின்று, "பிரேக்கு பேஜார் பண்ணுது" என்றார். அவருக்கு எப்போதும் சைக்கிள்தான் குற்றவாளி.

மாதங்கள் போயின. விடிகிற நேரத்தில் மின்னூர்வரை போய்வருவதாகச் சொல்வார். வேர்வை வழிந்தது உண்மை. ஆனால் வயிறும் வளர்ந்தது, புண்ணும் பெருத்தது.

"ஸீட்டு சரியில்ல, அதான்," என்றார் ரைட்டர்.

அவர் சம்சாரத்துக்கு மட்டும் ஸீட்டின்மேல் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் காலை காசிம் பாயின் ஜட்காவில் ஏறிப் பின்தொடர்ந்தார். அப்புறம் நடந்ததைக் காசிம் பாய் ஊரெல்லாம் சொன்னார்.

மின்னூர் எல்லையில் ஓர் அல்வாக் கடை. சைக்கிள் புளியமரத்தில் சாய்ந்திருக்கிறது. ரைட்டர் பெஞ்சில் உட்கார்ந்து, நெய் சொட்டும் அல்வாவை வழித்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாங்க இது?"

ரைட்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "மிதிச்ச களைப்பும்மா. திரும்பிப் போறதுக்குத் தெம்பு வோணாமா?"

அந்த அம்மாள் சண்டைக்காரி என்று பெயர் எடுத்தவர். ஆனால் அன்று சத்தம் போடவில்லை. புண்ணுக்குக் கட்டியிருந்த துணியையே பார்த்தாராம். "இந்தக் காலு போய்ட்டா எதால மிதிப்பீங்க? நான் யாரைப் பிடிச்சுக்கினு நிப்பேன்?" என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாராம்.

ரைட்டர் இலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாளிலிருந்து ஆம்பூருக்கு இலவசக் காட்சி ஒன்று கிடைத்தது. முன்னால் சைக்கிள், பின்னால் காவலுக்கு ஜட்கா. அல்வாக் கடை நெருங்கினால் ஜட்காவுக்குள்ளிருந்து குரல் வரும்: "அந்தப் பக்கம் திரும்பாதீங்க! ரோட்டப் பாருங்க!" ரோட்டைப் பார்த்தும் பள்ளத்தில் விழுந்த ஒரே மனிதர் அவர்தான். பேச்சு மட்டும் குறையவே இல்லை. "பாத்தியாய்யா என் மனோதிடம்!" என்று என்னிடமே அளந்தார்.

ஆனாலும் வயிறு வற்றியது. புண் மெல்ல மெல்ல மூடியது. டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, "இனிமே பயமில்ல. மிதிக்கறத மட்டும் வுட்டுடாதீங்க" என்று அனுப்பினார்.

கடைசியில் காசிம் பாய்தான் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஐயா இளைச்சாரோ இல்லியோ, என் குதிரை இளைச்சுப்போச்சு."

ஜட்கா நின்றது. அந்த அம்மாள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சைக்கிளின் பின் காரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு பொம்பிளை சைக்கிளில்! ஊரே சிரிக்க வெளியே வந்தது. நானும் வந்தேன். சைக்கிள் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஆடிக்கொண்டே போயிற்று. சிரித்து முடித்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் இருவரும் நல்லபடியாகத் திரும்பி வருகிறவரை எனக்கு வாசலைவிட்டு நகர மனம் வரவில்லை.