நல்ல கையில் சேர்ந்த துப்பாக்கி

இதில் ஒரு சொல் பொய்யென்றால், நாளைக் காலை என் பல்செட் காபிக் கோப்பைக்குள் விழட்டும். சத்தியம் முடிந்தது.

ஆர்வில் ஹக்ஸ்டன் தன் மான் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, மளிகைக் கடையின் கார் நிறுத்துமிடத்தில் நாற்பது நிமிடமாக நின்றுகொண்டிருந்தார். பேரன் தவழத் தொடங்கிவிட்டான். மறுநாள் வீட்டுக்கு வருகிறான். மனைவி வெர்னா சொன்னது இரண்டே வாக்கியம்.

"சாயங்காலத்துக்குள்ள அது வீட்டை விட்டுப் போகணும். தப்பான ஆள் கையில போச்சுன்னா, நீங்களும் அது கூடவே போயிடுங்க."

துப்பாக்கியை விற்க அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டவன் நூறு மைல் தள்ளி இருந்தான். எங்கள் வயோமிங் மாநிலத்தில் இப்படி விற்பவரும் வாங்குபவரும் சரிபாதித் தூரத்தில் ஓர் ஊரைப் பிடித்துச் சந்தித்துக்கொள்வது வழக்கம். அப்படி வாய்த்ததுதான் இந்த ஊர். இருவருக்குமே புதிது.

வந்தவன் பெயர் ராய்ஸ். கழுத்தைச் சுற்றிப் பச்சை குத்திய பாம்பு. ஆர்வில் போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, சாமான் எங்க?"

"முதல்ல உன் டிரைவிங் லைசென்ஸைக் காட்டு தம்பி."

"நான் வண்டி வாங்க வரலையே!"

"எதைச் சுடப்போற?"

"மானை."

"எந்த மானை?"

"நிக்கிற மானை! குடுங்க இப்படி."

ராய்ஸ் போர்வையைப் பிரித்துத் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கிக் குறி பார்த்தான். கடையிலிருந்து வெளியே வந்த ஓர் அம்மாள் அலறிக்கொண்டு திரும்ப உள்ளே ஓடினாள்.

இரண்டே நிமிடத்தில் போலீஸ் வண்டி வந்து நின்றது. ஆர்வில் அசந்துபோனார். அவர் ஊரில் போலீஸ் வருவதற்குள் திருடன் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இறங்கியவர்கள் இருவர். ஒருவர் தடியர், ஒருவர் மீசைக்காரர்.

"ரெண்டு பேரும் கையைத் தூக்குங்க!"

"ஐயா, சொந்தத் துப்பாக்கியை விக்கிறது தப்பா?" என்றார் ஆர்வில், தூக்கிய கையோடு.

"விக்கிறது தப்பில்ல. சனங்க வயித்துல புளியைக் கரைக்கிறதுதான் தப்பு" என்றார் தடியர். "ஸ்டேஷன் வாசல்ல, எதையும் பயமில்லாம கைமாத்திக்கிறதுக்குன்னே மஞ்சக் கோடு போட்டு வச்சிருக்கு. அங்க வந்து வித்துக்கங்க."

போனார்கள். மஞ்சள் கோட்டுக்குள் விவாகரத்தான கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே பிள்ளையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியைப் பார்த்ததும் மூவரும் ஒரே காரில் ஏறிப் பறந்தார்கள். எந்த வக்கீலாலும் முடியாத காரியம்.

ஸ்டேஷன் ஜன்னல்களில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. "வெள்ளையடிக்கிறோம்" என்றார் மீசைக்காரர்.

ஆர்வில் அவர் காதோரம் போனார். "இந்தப் பாம்புக் கழுத்தன் சரியில்ல. கொஞ்சம் விசாரிங்க."

விசாரிக்க அவர்கள் வாயைத் திறக்குமுன், ராய்ஸ் போலீஸ் வண்டியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், இருவரையும் பார்த்தான்.

"பெரியவரே, வாங்க, போயிடலாம்."

"நான் எதுக்குப்பா ஓடணும்? மடியில கனம் உள்ளவன் ஓடட்டும்."

ராய்ஸ் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

"பாத்தீங்களா!" ஆர்விலின் மார்பு விரிந்தது. ஆனால் மணி நாலு. துப்பாக்கி இன்னும் அவர் கையில்தான். மதுரைக்கு வழி வாயில் என்பார்களே, அதை நம்பி அவர்களையே கேட்டார். "நீங்களே எடுத்துக்கங்களேன்."

"நாங்க வாங்கக் கூடாது" என்றார் தடியர்.

"வாங்க வேணாம். சும்மா வச்சுக்கங்க. உங்க கையை விட நல்ல கை எனக்கு எங்க கிடைக்கும்?"

மூன்று தடவை மறுத்தார்கள். மூன்றாவது மறுப்பு கொஞ்சம் மெலிவாக இருந்தது. ஆர்வில் குண்டுப் பெட்டியையும் போர்வையையும் சேர்த்து அவர்கள் வண்டியில் தானே வைத்தார். கண் கலங்க இருவரும் கைகுலுக்கிவிட்டு, சைரன் போட்டுக்கொண்டே போனார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பதவி உயர்வாவது கிடைக்க வேண்டாமா? ஆர்வில் அங்கேயே நின்று போலீஸ் அவசர எண்ணைக் கூப்பிட்டார். பாராட்டுவதும் அவசரம்தானே. எடுத்த பெண்ணிடம் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் ஊர்ப் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சார், அந்த ஊர்ல போலீஸையே கலைச்சு ரெண்டு வருஷமாச்சு, கடையிலேர்ந்து போன் வந்து, எங்க வண்டி இப்பத்தான் இங்கேருந்து கெளம்புது."