குழாய்த் தண்ணீர்க் குடிகாரர்கள்

மத்தெஸ் மேசைமேல் வைத்தது பீர் அல்ல, ஒரு பத்திரிகை.

அதன் அட்டையைப் பார்த்ததும் ஹூபர்ட் சில்கென்ஸ் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். பக்கத்து எதிரி ஊரான டுசல்டார்ஃபின் மதுக்கடைகளில் மட்டும் சும்மா கொடுக்கிற வாரப் பத்திரிகை அது. இங்கே கொலோனில் கிடைக்காது. கிடைத்தாலும் எந்தக் கொலோன்காரனும் அதைக் கையால் தொட மாட்டான். அந்தத் தைரியத்தில்தானே ஹூபர்ட் அதில் எழுதித் தொலைத்தார்!

"எவனோ மூலை மேசையில விட்டுட்டுப் போயிருக்கான்," என்றார் மத்தெஸ். 'மூன்று மணி' மதுக்கடையின் மூத்த சர்வர் அவர். நீல ஏப்ரன், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். "பதினோராம் பக்கம். படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த மேசைக்கு பீர் கிடையாது."

அது சாதாரண மேசை இல்லை. கணப்புக்குப் பக்கத்து மேசை. அங்கே உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி உண்டு. ஒருவர் மண்டையைப் போட்டால்தான் அடுத்தவருக்கு இடம். ஹூபர்ட் வருடக்கணக்காக நின்றுகொண்டே குடித்து, கடிகாரக் கடைக்காரர் ஒருவர் புண்ணியமாகப் போய்ச் சேர்ந்த பிறகு உட்கார்ந்தவர். சொந்த வீடு கிடையாது. நிரந்தர வேலை கிடையாது. பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள், அவளும் பல் டாக்டரோடு போய்விட்டாள். உலகத்தில் அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற ட்ரூடி எஸ்ஸர்தான் மேசைக்குத் தலைவி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'கொலோன்காரர்கள் குடிப்பதற்குப் பெயர் பீர் என்றால், குழாயில் தண்ணீர் குடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் குடிகாரர்களே.' எழுதினவன் பேரு யோஸ்ட் ஹாமல்."

"அவன் நாக்கு அழுகிப் போக!" என்று மேசையைக் குத்தினார் லோரென்ஸ். அவர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். "நம்ம ஊர் கோல்ஷ் பீரைப் பாத்துத் தண்ணின்னு சொல்றானா? அவனுங்க குடிக்கிற ஆல்ட் பீர் என்னவாம்? டிராம் சக்கரத்தைக் கழுவின தண்ணி மாதிரி கருப்பா ஒண்ணு!"

"அடுத்ததைக் கேளுங்க..." என்று ட்ரூடி மேலே படித்தார். ஒவ்வொரு வரிக்கும் மேசை கொதித்தது. பக்கத்து மேசைகளும் கொதித்தன. சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த அம்மாள் நின்றபடியே கொதித்தாள்.

ஹூபர்டும் கொதிக்க வேண்டியதாயிற்று. "அயோக்கியன்!" என்றார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டோமோ என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில் என்னவோ குறுகுறுத்தது. அநியாயம் என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது ஹூபர்டின் பிழைப்புதான். முப்பது வருடமாக பீரைப் பற்றி எழுதுகிறார். பீர் காய்ச்சுகிற பெல்ஜியத்துச் சாமியார் மடங்களில் முட்டி வலிக்க நின்றிருக்கிறார். பொஹீமியாவின் பீர் நிலவறைகளில் சளி பிடித்துத் திரும்பியிருக்கிறார். பத்திரிகை ஆசிரியர்கள் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார்கள். அச்சில் வந்தாலும் ஒரு பயல் படித்ததில்லை. அவருடைய நான்கு பக்கக் கட்டுரையில் ட்ரூடி ஒருமுறை மீன் சுற்றிக்கொண்டு வந்து, அந்தப் பொட்டலத்தை அவர் முன்னாலேயே பிரித்தார். அப்படிப்பட்டவர் வாடகைக்காகவும் கொஞ்சம் குறும்புக்காகவும் பொய்ப் பெயரில் எழுதிய ஒரு வரியை இன்று ஒரு கடையே மனப்பாடமாகச் சொல்கிறது!

"ஹூபர்ட்டு, நம்ம மேசையில எழுத்தாளன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?" என்றார் ட்ரூடி. "அவன் முகத்துல கரி பூசுற மாதிரி ஒரு பதில் எழுது. அந்தப் பத்திரிகையிலேயே வரணும்."

"எழுதறேன் ட்ரூடியம்மா. கிழிச்சுடறேன்."

மத்தெஸ் அப்புறம்தான் கோல்ஷ் கிளாஸ்களை வட்டத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார்.

ஹூபர்ட் தம் பெயரில் ஹாமலுக்கு ஒரு பதில் எழுதி அனுப்பினார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார். முடியுமா? பதில் அச்சில் வந்ததும் டுசல்டார்ஃபிலிருந்து பத்திரிகையின் ஆசிரியை பெட்ரா போன் செய்தாள்.

"ஹூபர்ட், உங்க பதிலுக்கு நிறையக் கடிதம் வந்திருக்கு."

"அப்படியா!"

"எல்லாம் ஹாமல் எப்ப திரும்ப எழுதுவார்னுதான் கேக்குது. உங்க பதில் சப்புன்னு இருக்காம். ஹாமல்கிட்டேருந்து உடனே ஒண்ணு வேணும். அவர் எழுதலேன்னா நீங்களும் வேண்டாம்."

"அவரும் நானும் ஒரே ஆள் பெட்ரா."

"அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாசகர்களுக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. நான் என்ன பண்ண?"

இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு உண்டா? தன்னைவிடத் தான் நன்றாக எழுதுகிறான் என்று தன்னிடமே சொல்கிறார்கள்! ஹூபர்ட் சமையலறை மேசையில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டார். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் போய் ஹாமலாக உட்கார்ந்ததும் மடை திறந்த மாதிரி கொட்டியது. 'எலும்பில்லாத ஹூபர்ட்' என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டார். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது, ஆனால் வரி என்னவோ பிரமாதமாக வந்தது.

அந்த வாரம் 'மூன்று மணி'யில் ட்ரூடி அதைப் படிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"எலும்பில்லாதவனாமே! நம்ம புள்ளையைப் பாத்து!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மத்தெஸ், இவனுக்கு ஒரு பெரிய பன்றித் தொடைக்கறி கொண்டா. என் கணக்கு."

"தங்கமான மனுஷனை எப்படிப் புண்படுத்திட்டான் பாருங்க," என்று மத்தெஸும் தலையை ஆட்டினார். "ஆனா அந்தப் படுபாவி எழுத்துல ஒரு காரம் இருக்கு. அதையும் சொல்லணும்ல?"

ஹூபர்ட் அந்தக் கறியைத் தட்டில் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி வெட்கம், பாதி பெருமை.

அதற்குள் லோரென்ஸ் கடைசி வரியைக் கண்டுபிடித்துவிட்டார். "'தைரியமிருந்தால் எங்கள் ஊர்க் கருப்பு வாத்து மதுக்கடைக்கு வந்து பாருங்கள்!' இதைப் பாத்தீங்களா?"

ஹூபர்ட் அப்படி எழுதவே இல்லை. காரம் போதாது என்று பெட்ரா தன் கையால் தூவியிருக்கிறாள், பாதகத்தி!

"போவோம்," என்றார் ட்ரூடி.

"எங்கே?" ஹூபர்டுக்குக் குரல் கீச்சென்றது.

"டுசல்டார்ஃபுக்கு. அவன் சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம். திங்கக்கிழமை நம்ம கடை லீவு. அன்னைக்கே போவோம்."

"வேண்டாம் ட்ரூடியம்மா. அந்த மாதிரி ஆளுங்க சொன்ன இடத்துல இருக்க மாட்டாங்க. கோழைங்க."

"இல்லேன்னா அது எந்தப் பயலோட பொய்ப் பேருன்னு அந்தப் பத்திரிகை ஆபீஸ்லயே போய்க் கேப்போம். ரயில்ல அரை மணி நேரம்தானே? மத்தெஸ், நீயும் வா."

மத்தெஸ் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். "நானா? அந்த ஊர் மண்ணை மிதிச்சா செருப்பை எரிக்கணும். செருப்பு என்ன விலை விக்குது! தவிர, திங்கக்கிழமை நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயாகணும். பாவம், ஒண்டிக்கட்டை."

போகிற போக்கில் அவர் ஹூபர்டின் காதில் சொன்னார்: "விடாதீங்க சார். பிச்சு உதறிட்டு வாங்க."

திங்கட்கிழமை ரயிலில் ஹூபர்ட் பலிக்கு ஓட்டிக்கொண்டு போகிற ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தார். ஹாமல் அங்கே இருக்கமாட்டான். அடுத்து பத்திரிகை ஆபீஸ். பெட்ரா ஒரே வார்த்தையில் உடைத்துவிடுவாள். அதோடு நாற்காலி போயிற்று. இனி ஆயுசுக்கும் நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான், அதுவும் வேறு கடையில்.

'கருப்பு வாத்து'வில் உட்கார்ந்த மறு நிமிடம், கேட்காமலே ஆளுக்கொரு ஆல்ட் வந்து இறங்கியது. ட்ரூடி உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். லோரென்ஸ் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அப்புறம் ஒரே மூச்சில் காலி செய்தார்.

"லோரென்ஸ்!"

"எதிரி என்ன குடிக்கிறான்னு தெரிய வேண்டாமா? இது ஆராய்ச்சி." ஆராய்ச்சிக்கு இன்னொன்றும் கொண்டுவரச் சொன்னார்.

ட்ரூடி அந்தக் கடை சர்வரை அழைத்தார். "இங்கே யோஸ்ட் ஹாமல்னு ஒருத்தன் இருக்கானாமே?"

"நீங்களும் கையெழுத்து வாங்கத்தான் வந்தீங்களாம்மா?" என்று சர்வர் முகம் மலர்ந்தான். "சரியான நாள்ல வந்தீங்க. திங்கக்கிழமையானா ஆள் டாண்ணு வந்துடுவார். அதோ, சன்னலோரம் அவர் இடம். இப்பத்தான் கை கழுவப் பின்னால போனார்."

ஹூபர்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹாமல் இருக்கிறான்! தெய்வமே, யாரோ ஒரு புண்ணியவான் ஹாமலாக இருக்கிறான்! நாற்காலி பிழைத்தது!

அடுத்த கணம் அவருக்குச் சுரீர் என்றது. இருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

"எங்க கடையில அவர்கிட்ட காசு வாங்குறதே இல்லை," என்று சர்வர் சொல்லிக்கொண்டே போனான். "ஊர் மானத்தைக் காப்பாத்தின மனுஷன். அங்கே பாருங்க."

சுவரில் ஒரு படச்சட்டம் தொங்கியது. அதற்குள் கொட்டை எழுத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரி. கீழே வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து: யோஸ்ட் ஹாமல். ஹூபர்ட் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவருடைய வரி ஒன்று சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது, எவனோ ஒரு எச்சில் பயலின் கையெழுத்தோடு!

"இதை எழுத எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒருநாள் கேட்டேன்," என்றான் சர்வர். "'மூக்கைச் சிந்துற நேரம்'னார். மேதை சார்."

"மூக்கைச் சிந்துற நேரமா?"

ஹூபர்ட் போட்ட சத்தத்தில் கடை அடங்கியது. ட்ரூடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஹூபர்டுக்கு எதுவும் உறைக்கவில்லை.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னு போடறதா, குளத்து வாத்துங்கன்னு போடறதான்னு ஒரு வாரம் சோறு தண்ணியில்லாம மண்டையை உடைச்சுக்கிட்டவன் நான்! அந்தத் திருட்டுப் பயல் மூக்கைச் சிந்தினானா? அது நான் எழுதினது! ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதினது! ஹாமல் நான்தான்யா, நான்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நின்று சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

லோரென்ஸ் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"முதல்ல வந்தது நீ எழுதினதா?" என்றார் ட்ரூடி, மெதுவாக.

"ஆமா."

"எலும்பில்லாத ஹூபர்ட்னு திட்டினது?"

"அதுவும் நான்தான்."

"அதுக்கு நான் கடையில உக்காந்து கண்ணீர் விட்டு அழுதேனேடா, பாவி!"

"ட்ரூடியம்மா, அந்த வரி நல்லாத்தானே இருந்தது..."

ட்ரூடி கிளாஸுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையை எடுத்து ஹூபர்டின் கிளாஸ்மேல் வைத்து மூடினார். ரைன் நதிக்கரையில் எந்தக் கடையிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இனி உனக்கு ஊற்ற மாட்டார்கள்.

"நாளையிலேருந்து அந்த நாற்காலியில என் கைப்பை உக்காரும்," என்றார். "அது பொய் சொல்லாது. கொலோன்ல பொறந்து, கொலோன்ல குடிச்சு, கொலோனுக்கே துரோகம் பண்ணியிருக்கியே! இதை எல்லாம் மத்தெஸ் கேட்டா என்ன சொல்வான்? மானஸ்தன், அவன் உயிரையே விட்டுடுவான்!"

ஹூபர்ட் அட்டையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கப் பார்த்தார். ட்ரூடி அதை அழுத்தி மூடினார்.

"அவரே வந்துட்டார் சார். எதுவானாலும் அவர்கிட்டயே பேசிக்குங்க," என்றான் சர்வர்.

பின்கதவு திறந்தது. "ஹாமல்! ஹாமல்!" என்று கடை முழுவதும் மேசையைத் தட்டியது. இஸ்திரி போட்ட கோட்டும் கழுத்தில் பட்டுத் துணியுமாக ஒருவர் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி, நாலாபுறமும் தலையசைத்துக்கொண்டு வந்தார். நீல ஏப்ரன் இல்லாததால் அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. ஆனால் மீசை அதே மீசை.

"மத்தெஸ்!" ட்ரூடி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீயா? அக்கா வீட்டுக்குப் போறேன்னியே!"

மத்தெஸ் ட்ரூடியைப் பார்த்தார். லோரென்ஸ் முன்னால் இருந்த காலி கிளாஸ்களைப் பார்த்தார். ஹூபர்டின் கிளாஸ்மேல் இருந்த அட்டையையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சர்வர் பணிவாக நீட்டிய ஆல்ட்டை வாங்கி, பாதியை இறக்கி, மீசையில் ஒட்டிய நுரையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படி முறைக்கிறீங்க? சாயங்கால ரயில்லதான் வருவீங்கன்னு நினைச்சேன். வாரம் பூரா அந்தத் தண்ணியைத்தான் தூக்கிக்கிட்டு அலையறேன். லீவு நாள்லயாவது மனுஷன் பீர் குடிக்க வேண்டாமா?"