கணினிக்குப் பத்துச்சீட்டு கொடுத்தவர்

"தோட்ட அலுவலகக் கணினியில் எந்த மென்பொருளையும் புதிதாக ஏற்றவோ, இருப்பதை நீக்கவோ தலைமை அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி பெறப்பட வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை இயந்திரத்தை எவரும் தொடலாகாது."

இது எங்கள் கம்பனியின் சுற்றறிக்கை. நான் நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். சுற்றறிக்கை வந்தால் மற்றவர்கள் கோப்பில் போடுவார்கள். நான் வாசித்துவிட்டுக் கோப்பில் போடுவேன். எனக்கும் அவர்களுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விதியை எழுதிய புண்ணியவானுக்கு எங்கள் பத்துச்சீட்டைத் தெரியாது. ஆண்டவனே நேரில் வந்து "வா, மோட்சம் தருகிறேன்" என்றாலும், "பூலோகத்துல என் பேர வெட்டிட்டீங்களா சாமி?" என்று கேட்டு, அவரை வாசலிலேயே நிற்க வைக்கக்கூடிய ஒரே ஆள் இந்த மலைநாட்டில் அவர்தான்.

அவர் எங்கள் அலுவலகத்தின் கணினி கிளாக்கர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பத்துச்சீட்டு என்பது எங்கள் தோட்டங்களின் பழைய வழக்கம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர் முதலில் இங்கே பெயரை வெட்டி, அதற்கான சீட்டை வாங்கிப் போக வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் அங்கே பெயர் பதிய மாட்டார்கள். அந்த வழக்கம் ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நம்மவருக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

ஒருமுறை தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு பூனை அலுவலகத்துக்குக் குடிவந்தது. எல்லோரும் பால் ஊற்றினார்கள். இவர் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கே நடந்துபோய், "இத நீங்க விட்டுட்டீங்களா, இல்ல அதுவா வந்திருச்சா?" என்று வீடு வீடாக விசாரித்தார். உரிமையாளர் யாருமில்லை என்று தெரிந்த பிறகுதான் பூனைக்கு எங்கள் அலுவலகத்தில் பால் அனுமதிக்கப்பட்டது.

முடிவெட்டும் கடையை மாற்றியபோதும் அப்படித்தான். பழைய கடைக்குப் போய், "இனிமே அங்க வெட்டிக்கிறேன், மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க" என்று விடைபெற்றார். பழைய கடைக்காரர் கண் கலங்கிவிட்டார். அந்த உணர்ச்சியில் அங்கேயே உட்கார்ந்து வெட்டிக்கொண்டு வந்துவிட்டார் நம்மவர். கடைசிவரை கடை மாறவில்லை.

சரி, கணினிக்கு வருகிறேன்.

ஒரு மழைக்கால மத்தியானம் இடி இடித்தது. விளக்குகள் அணைந்து எரிந்தன. அதன்பிறகு எங்கள் தரவுத்தள மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. யார் எந்த மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள், யாருக்கு எந்த லயத்து வீட்டு வரிசையில் எந்தக் காம்பிரா அறை, யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று தோட்டமே அதற்குள் இருந்தது. நான் விதிப்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதினேன். நினைவூட்டலை நினைவூட்டியும் எழுதினேன். கொழும்பில் யாருக்கும் எதுவும் நினைவு வரவில்லை.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மாசக் கடைசியில கொழும்புல இருந்து பெரியவங்க வர்றாங்க. அதுக்குள்ள இது ஓடலேன்னா கம்பியூட்டர் வேலை முழுசும் பொகவந்தலாவை ஆபிசுக்குப் போயிரும்." பத்துச்சீட்டைப் பார்த்தார். "உங்கள களுத்துறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போடப்போறதா பேச்சு அடிபடுது. நான் என்ன சொன்னாலும் எடுபடாது."

பத்துச்சீட்டு மலையிறங்கிக் கினிகத்தேனையைத் தாண்டினாலே வாந்தி எடுப்பவர். சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்றாதவர். வெளியே வந்ததும் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அப்ப இங்க என் பேர வெட்டிருவாங்களா?"

"இடமாற்றம்னா வெட்டத்தானே வேணும்."

அலுவலகத்தில் தேநீர் போடும் ராசம்மாக்கா சமயம் பார்த்துக் கோப்பைகளோடு வந்தார். "ரப்பர் தோட்டத்துக்குப் போனா இந்தக் குல்லாவ என்னா செய்வீங்க ஐயா? பால் வடிக்கக் கட்டி வுடுவீங்களா?"

வழக்கமாக இவர் பதிலுக்கு ஏதாவது சொல்வார். அன்று தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டார். ராசம்மாக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. நான் இன்னொரு நினைவூட்டல் எழுதினேன்.

மறுநாள் பத்துச்சீட்டு மென்பொருளின் குறுந்தகட்டோடு வந்து உட்கார்ந்தார். பழையதை நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றப்போகிறாராம்.

"ஏம்ப்பா, விதி இருக்கு."

"விதிய நான் தொடல சார். மெசினத்தான் தொடுறேன்."

பழைய மென்பொருளை நீக்கினார். புதியதை ஏற்றினார். திரையில் பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீண்டது. முடியப்போகிற இடத்தில் நின்று யோசித்தது. பிறகு வந்த வழியே சுருங்கிப் பழைய நிலைக்கே போய், ஆங்கிலத்தில் ஒரு செய்தி சொன்னது. பத்துச்சீட்டு அதை, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்துக் குரலில் தமிழாக்கி அறிவித்தார்.

"இந்தப் பேர்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காராம்!"

மறுபடி ஏற்றினார். மறுபடி அதே இடம், அதே செய்தி. "தேத்தண்ணி ஆத்துறதுக்குள்ள அது மலையேறி எறங்கிருது," என்றார் ராசம்மாக்கா.

திடீரென்று பத்துச்சீட்டின் முகம் மலர்ந்தது. பூனையைத் தூக்கிப் போனபோது பார்த்த அதே முகம்.

"சார், புரிஞ்சிருச்சு. பழைய ஆளு இன்னும் லயத்த காலி பண்ணல. பேரு வெட்டுனோம், ஆனா ஆளு உள்ளதான் ஒக்காந்திருக்கான். காம்பிரா காலியில்லாம புது ஆள எப்படிக் குடி வைக்கிறது?"

அந்தப் பழைய ஆளைத் தேடிக் கணினிக்குள் இறங்கினார். சந்தேகத்துக்கிடமான ஒருவரைக் கண்டுபிடித்து வெளியேற்றினார். வெளியேறியது பிரிண்டர். அதைச் சமாதானப்படுத்தித் திரும்பப் பெயர் பதிய அந்த வாரம் போயிற்று. அந்த வாரம் முழுதும் எல்லாக் கடிதங்களையும் நான் கையால் எழுதினேன், நினைவூட்டல் உட்பட.

மாதக் கடைசி நெருங்கியது. பத்துச்சீட்டின் வீட்டில் துணிப்பெட்டியை வெயிலில் காயவைத்திருப்பதாக ராசம்மாக்கா வந்து சொன்னார். அதற்குமேல் பொறுக்காமல், ஹட்டனில் கணினிக் கடை வைத்திருக்கும் நிமல் என்ற சிங்கள இளைஞரை நானே தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தேன். தொலைபேசியில் பேசக்கூடாது என்று சுற்றறிக்கையில் இல்லை.

நிமல் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரில் சிரித்தார். "பரண எக்கா தாம கிஹில்லா நே, மாத்தயா!"

பழையவன் இன்னும் போகவில்லையே, ஐயா என்பது பொருள்.

பத்துச்சீட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கேட்டீங்களா சார்? கேட்டீங்களா? படிச்ச பய, சிங்களத்துல அதையேதான் சொல்றான்!"

நிமல் தன் தமிழில் வழி சொன்னார். "உள்ளுக்கு பழைய சேர்விஸ் இன்னும் ஓடுது மாத்தயா. அத நிப்பாட்டுங்க, பேர எடுங்க. பொறகு அதோட பழைய ஃபோல்டர் இருக்குதானே, அத முழுசா அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. வேலை முடிஞ்சி."

சேர்விஸ் பட்டியலில் அந்தப் பழையவன் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். நிறுத்தியாயிற்று. பெயரையும் எடுத்தாயிற்று. மிச்சம் ஃபோல்டர். துரை கதவருகே வந்து நின்றார். எனக்கோ, கழிவுப் பொருளை அகற்ற மூன்று பேர் கையெழுத்து வேண்டுமே என்ற கவலை. பத்துச்சீட்டின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. நின்றபடியே இருந்தது.

"அழுத்துங்கப்பா," என்றார் துரை.

"சாமான் ஒப்படைக்கலையே துரை."

"என்ன சாமான்?"

"ஆளு வேலைய விட்டுப் போறப்ப கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, காம்பிரா சாவி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுத்தானே சீட்டுக் குடுப்போம்? இவன்கிட்ட நம்ம சாமான் ஏதும் இருக்கான்னு பாக்காம எப்படி அனுப்புறது?"

துரை தலையில் கைவைத்தார். நிமல் தொலைபேசியில், "என்ன சொல்றாரு?" என்றார். பத்துச்சீட்டு ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு பெயராகப் பெரட்டுக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். ஒரு பெயருக்கு வந்ததும் தொலைபேசி அலறியது.

"ஐயோ, நில்லுங்க! நில்லுங்க! அது டேட்டா மாத்தயா! அழிச்சிறாதீங்க! நீங்க வேற எடத்துல எடுத்து வச்சிருப்பீங்கன்னு நெனச்சேனே!"

வேறு எங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை. எடுத்து வைத்திருந்த பிரதியும் அதே ஃபோல்டருக்குள்தான் இருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே பத்திரமாகப் பூட்டி வைத்த கதை. துரை மெல்ல ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ராசம்மாக்கா யாரும் கேட்காமலே அவருக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

தோட்டத்துச் சாமான் பென்டிரைவில் ஒப்படைக்கப்பட்டது. பத்துச்சீட்டு குல்லாவைக் கழற்றி, பென்டிரைவை அதற்குள் வைத்து மடியில் கட்டிக்கொண்டார். அவர் தலையை நான் முதன்முறையாக அன்றுதான் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

அதோடு விட்டாரா? ஒரு தாளில் பத்துச்சீட்டு எழுதி, கணினிப் பெட்டியில் ஒட்டினார். "இந்த மென்பொருள் இத்தோட்டத்தில் வேலை செய்து விலகுகிறது. நடத்தை: மின்சாரம் உள்ளவரை திருப்தி. விலகும் காரணம்: இடி. சாமான்கள்: ஒப்படைக்கப்பட்டன." என்னிடம் கையெழுத்துக் கேட்டார். அதற்கு எனக்கு அதிகாரமில்லை என்று விளக்கினேன். பிறகு, "பார்வையிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஃபோல்டரை அழித்தார். கணினியை அணைத்து எழுப்பினார். குறுந்தகட்டைப் போட்டார்.

பச்சைக் கோடு நீண்டது. வழக்கமாகத் திரும்பி இறங்கும் இடத்துக்கு வந்து யோசித்தது. ராசம்மாக்கா வாசல்படியில் நின்று மாரியம்மனைக் கூப்பிட்டார். கோடு ஒரு மூச்சு வாங்கி, அப்படியே மேலே ஏறி முடிந்தது. பென்டிரைவில் இருந்ததை உள்ளே சேர்த்ததும் திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. பத்துச்சீட்டு திரையருகே குனிந்தார். கண்ணில் பட்ட ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"ராசம்மா!"

"இருக்கேன் சாமி!" என்றது வாசல்படி.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். கணினி ஓடுவதைப் பார்த்தார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை ஒருவர் குனிந்து வாசித்து, இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அனுமதி வாங்கினீங்களா?" என்று என்னிடம் கேட்டார். என் கடிதத்தையும் நினைவூட்டல்களையும் வரிசைப்படி மேசையில் அடுக்கினேன். அடுக்கி முடிப்பதற்குள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். ரப்பர் தோட்டப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. பத்துச்சீட்டு தன் துணிப்பெட்டியைப் பரணில் ஏற்றினார்.

பின்னர் நான் ஓய்வுபெற்றேன். ஓய்வுபெறுபவரின் பெயர் தரவுத்தளத்தின் பயனாளர் பட்டியலிலிருந்து அன்றைக்கே நீக்கப்பட வேண்டும் என்று விதி உண்டு. பெயர் வெட்டுவதற்கென்றே பிறந்த ஒருவர் அந்த வேலையில் இருக்கும்போது எனக்கென்ன கவலை? கடைசி நாள் மாலை கேட்டேன்.

"வெட்டியாச்சாப்பா?"

"கரண்ட் சரியில்ல சார்."

விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

சில மாதம் கழித்து நோர்வூட் கடைவீதியில் அவரைப் பிடித்தேன். "இன்னும் ஏம்ப்பா என் பேர வெட்டல?"

"சாமான் கணக்கு முடியல சார். உங்க குடை ஆபிஸ்லயே கெடக்கு."

"அப்ப குடையக் குடு."

"இன்னைக்குக் கொண்டாரல."

அதன்பின் நான் கேட்கும்போதெல்லாம் அவர் குடையைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது ஒரே ஒரு நாள்தான். தூறலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் குல்லா, குல்லாவுக்கு மேலே என் குடை, கையில் ஓர் உறை. நான் முதலில் எழுதிய கடிதத்துக்குத் தலைமை அலுவலகத்தின் பதில். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அதுவரை இயந்திரத்தைத் தொட வேண்டாம்."

"ஆபிஸ்ல வச்சுக்க வேண்டியதுதானே. எனக்கு எதுக்கு?"

"சார் பேர்ல வந்திருக்கு. பேரு இருக்கிற ஆளுக்குத்தானே சார் குடுக்கணும்."

தேநீர் குடித்தார். ஊர்க்கதை பேசினார். போகும்போது என் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தைப் போட்டுவைக்க என்னிடம் இப்போது கோப்பு இல்லை. வாசலில் என் மனைவி ஏற்றிவைத்த விளக்குகளின் வெளிச்சத்திலேயே அதன் மூலையில் குறித்துவைத்தேன்: பதில் கிடைத்தது, கார்த்திகைத் தீபத்தன்று.