மூக்கால் தோற்ற கபடி

கபடியில் ஆளைத் தொடாமல் ஆட முடியாது. ஆனால் கொரோனா கொஞ்சம் அடங்கிக் கல்லூரி திறந்தபோது, இடைவெளி விட்டு ஆடும்படி எங்களுக்கு உத்தரவு. முதல் நாள் முகக்கவசத்தோடு பாடிக்கொண்டு போனேன். நாலாவது 'கபடி'யில் துணி வாய்க்குள் போய்விட்டது. (எதிரணி என்னை அமுக்கவில்லை. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தது.)

எனக்கு அது வெறும் விளையாட்டில்லை. அணியில் இடம் கிடைத்தால் கட்டணமில்லாமல் படிப்பைத் தொடரலாம். இல்லையென்றால் மறுபடி போடிமெட்டுக்கு ஜீப் ஏற வேண்டியதுதான். ஊரடங்கு முழுக்க மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் எனக்கு வேலையும் தூக்கமும். அணித் தேர்வுக்கு முந்தின நாள்தான் இறங்கி வந்தேன்.

கொரோனா பரிசோதனை முடிவு வர நாளாகும் என்பதால் பயிற்சியாளர் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தார். வாசனை தெரியாதவனுக்கு நோய் இருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். ஏலக்காய்ச் சந்தை ஊரான போடியில் வாசனைக்கு வேறெதைத் தேடுவார்? எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, நசுக்கிய ஏலக்காயை ஒவ்வொரு மூக்கடியிலும் நீட்டிக்கொண்டே வந்தார்.

மாதக்கணக்காய் அதிலேயே வெந்த மூக்குக்கு ஏலக்காய் வெறும் காற்று. வெறுங்கையைக் காட்டிச் சோதிக்கிறார், நானா ஏமாறுவேன் என்று பெருமையாகச் சொன்னேன்:

"இன்னும் ஒண்ணும் வைக்கலையே சார்."

கண்ணைத் திறந்தால் மைதானத்தில் நான் மட்டும் நிற்கிறேன். எவனும் மதிக்காத இடைவெளியை அன்றுதான் மொத்த அணியும் கடைப்பிடித்தது. மாற்று ஆட்டக்காரனாக இருந்த என் மாமன் மகன் மாரி, தூரத்திலிருந்து கத்தினான்: "மாப்ளே, அங்கனயே நில்லு. எதையும் தொட்றாத."

ஸ்டோர் கதையை எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முடிவு வரட்டும் என்று விடுதி அறையில் அடைத்தார்கள். நோய் இல்லை என்று தாள் வந்தபோது என் இடத்தில் மாரி ஆடிக்கொண்டிருந்தான். நான் ஜீப் ஏறினேன். அப்புறம் லாரி, கேரளா, எங்கெங்கோ. படிப்பு பாதியிலேயே நின்றது.

மாரி இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி முன்னால் சட்டையைத் தொட்டுக் காட்டுவான்: "இந்தக் காக்கி உன் மூக்கு போட்ட பிச்சைடா மாப்ளே."

எல்லாரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவன் மட்டும் ஏதோ சொல்ல வருகிறவன்போல என் முகத்தைப் பார்ப்பான். அவன் வாய் திறப்பதற்குள் நான் அவனுக்குச் சோறு போடச் சொல்லிவிடுவேன்.