ரெட்டைப்பேட்டு அண்ணனின் இண்டிகேட்டர்

உட்காரத் தெரியாத ஒரு மனிதரும் கார் டிரைவராகப் பிழைக்க முடியும் என்பதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி எங்கள் தெரு ரெட்டைப்பேட்டு அண்ணன்தான். சிக்னலில் வண்டி நின்றால் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துவிட்டு ஏறுவார். ரயில்வே கேட் மூடியிருந்தால், கேட்கீப்பரிடம் நடந்து போய் ரயில் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரிப்பார். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவார். கல்யாணப் பந்தியில் மட்டும் வேறு வழியில்லாமல் உட்காருவார். அதிலும் ரசம் வருவதற்குள் எழுந்து, எதிர் வரிசைக்கு அப்பளம் பரிமாறப் போய்விடுவார்.

ஒரு பக்கக் கரை ஒரு நிறம், மறு பக்கக் கரை வேறு நிறம் என்று நெய்த சேலைக்கு எங்கள் காஞ்சிபுரத்தில் ரெட்டைப்பேட்டு என்று பெயர். அந்தப் பெயர் வெள்ளை அம்பாசடர் வைத்திருந்த ஒரு ஆம்பளைக்கு எப்படி வந்தது என்பதுதான் கதை. அவருடைய சொந்தப் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அண்ணன் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கே ஓடிப்போய் டிரைவிங் கற்றுக்கொண்டவர். ஐயம்பேட்டையில் அண்ணியின் அண்ணன், அதாவது இவருடைய மச்சான், சில தறிகள் போட்டிருந்தார். இவரைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, நீ என்னிக்கி வந்தாலும் சரி, உனுக்கு ஒரு தறி காலியா வச்சிக்கினுகிறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஜெயிலர் கூப்பிட்ட மாதிரி அண்ணனுக்கு வியர்க்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த வருஷங்களில், சென்னைக் கடைகளில் கலர் எல்.இ.டி. பல்புகள் வரத் தொடங்கின. சவாரிக்குப் போன அண்ணன் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். காருக்கு இடது பக்கம் முழுக்கப் பச்சை, வலது பக்கம் முழுக்க நீலம். பச்சை என்று சொன்னால் கோபம் வரும், பட்டுச் சேலைக்குச் சொல்கிற பெயர்தான் சொல்ல வேண்டும். "கிளிப்பச்சம்மா. இது ஆனந்தா நீலம். கான்ட்ராஸ்ட்டு எப்டி நிக்குது பாரு!"

முன்பக்கத்துச் சின்ன விளக்குகள் நன்றாகத்தான் எரிந்தன. பின்பக்கத்தில் வந்தது வம்பு. பச்சை பல்பைப் போட்டு, அதன் மேல் சிவப்புக் கண்ணாடியை மூடினால் வெளிச்சமே இல்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"இன்ஜினீரு! பச்ச உள்ள எரியுது, வெளிய வர மாட்டேங்குது. இன்னா சமாச்சாரம்?"

"சிவப்புக் கண்ணாடி சிவப்பு வெளிச்சத்தத்தான் வெளிய விடும்ணா. பச்சைய அதுவே முழுங்கிடும். அதனாலதான் பின்னாடி சிவப்பு பல்பு, இல்லன்னா வெள்ள பல்பு..."

"புரிஞ்சிச்சி. கண்ணாடிதான் தப்பு."

மறுநாள் கண்ணாடியைக் காணவில்லை. பட்டுச் சேலை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியின் மேல் மூடியிலிருந்து பிளாஸ்டிக் தாளை வெட்டி அங்கே ஒட்டியிருந்தார். ஜவுளிக்கடைக்காரர்கள் அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் காரின் முதுகில் 'நன்றி, மீண்டும் வருக' என்று பச்சையாகவும் நீலமாகவும் ஒளிர்ந்தது. பின்னால் வந்தவர்கள் படித்துக்கொண்டே வந்து இடித்தார்கள்.

அடுத்தது, மஞ்சள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பல்பு மாற்றிய இண்டிகேட்டர். அதைத் துடிக்க வைக்கிற ரிலே, சாதாரண பல்பு எடுக்கும் கரண்டுக்குப் பழகியது. எல்.இ.டி. துளிதான் எடுக்கும். பல்பு போய்விட்டது போலிருக்கிறதே என்று ரிலே பதறிப்போய் இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்க ஆரம்பிக்கும். கரண்டைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, கையில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டவும் செய்தேன். அண்ணன் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இத்த போட்டா?"

"நிதானமாத் துடிக்கும்ணா."

"எதுக்கும்மா நிதானம்? இப்பதான் அது என்னிய மாதிரி இருக்குது."

உண்மைதான். அந்தக் கார் தெருவில் நுழைந்தால் பச்சையும் நீலமும் படபடக்கிற படபடப்பில், சும்மா நின்றிருந்தவர்கள்கூட ஏதோ வேலை மறந்துபோன மாதிரி வேகமாக நடப்பார்கள். டீக்கடைக்காரர் டம்ளரை மாற்றிக் கொடுப்பார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டேஷ்போர்டில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு குட்டி பல்பு. அதன் வழியாகக் கசிகிற கரண்டே மறுபக்கத்து எல்.இ.டி.க்குப் போதும். அதனால் இடது பக்கம் போட்டாலும் இரண்டு பக்கமும் எரியும். வலது பக்கம் போட்டாலும் இரண்டு பக்கமும் எரியும். எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது ஊருக்குத் தெரியாது. இதையும் அண்ணன் தீர்த்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார்.

"அப்போ இண்டிகேட்டர் எதுக்குண்ணா?"

"அது அழகுக்கும்மா. கை திரும்பறதுக்கு."

பட்டப்பெயர் வந்தது ஒரு சாயங்காலம். எங்கள் தெருக்கோடியில் சீட்டுக் கம்பெனிக் கணக்கர் ஒருவர் இருந்தார். ஒழுங்கான மனிதர், மொபெட்டை நடையின் வேகத்தில்தான் ஓட்டுவார். பொழுது சாய்கிற நேரம், எதிரே பச்சையாக ஒரு விளக்கு, நீலமாக ஒரு விளக்கு. இரண்டு மொபெட்டுகள் தள்ளித் தள்ளி வருகின்றன என்று முடிவு செய்து, இரண்டுக்கும் நடுவே புகுந்து போகலாம் என்று நிதானமாக வந்தார். வந்து, அம்பாசடரின் பானெட் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். அடி ஒன்றுமில்லை. ஆனால் அதிர்ச்சி தாளாமல் கத்தினார்.

"யோவ், ரெண்டு வண்டி வருதுன்னு நெனச்சேன்யா!"

அண்ணன் இறங்கி வந்தார். "ரெண்டு வண்டி வந்தா ஓரமா போவணும் சார். நடுவுல யாராச்சும் பூருவாங்களா?"

"ஒரு காருக்கு ரெண்டு கலரு எவன்யா வப்பான்? இது இன்னா காரா, ரெட்டைப்பேட்டா?"

கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் நெசவாளிகள். அதற்குப் பிறகு வேறு பெயர் அவருக்கு ஒட்டவே இல்லை. அவரும் வருத்தப்படவில்லை. "தறில உக்காந்து நெய்யாம ரெட்டைப்பேட்டு போட்ட ஒரே ஆளு நான்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்றை மட்டும் அப்போது யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அந்த வருஷங்களில் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் தெரு முனை கும்மிருட்டாக இருக்கும். அங்கே எப்போதும் பச்சையும் நீலமுமாக அம்பாசடர் நின்றுகொண்டிருக்கும். டியூஷன் முடிந்து வருகிற பெண்கள், நான், எல்லோரும் அந்த வெளிச்சத்தில்தான் வீட்டுக்குள் போவோம். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால், "பேட்டரி செக் பண்ணிக்கினுகிறேன், போ போ" என்பார்.

இப்படி இருக்கும்போது எஃப்.சி. வந்தது. வாடகை வண்டி வருஷத்துக்கு ஒரு தரம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று தகுதிச் சான்று வாங்க வேண்டும். பின்னால் சிவப்பு, இண்டிகேட்டர் மஞ்சள், முன்னால் வெள்ளை. இதில் எதுவுமே அண்ணன் வண்டியில் இல்லை. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் தீர்ப்புச் சொன்னார்.

"இந்த தபா எஃப்.சி. வாங்கல, வண்டிய தார்ப்பாய் போட்டு மூடிட்டு எங்கண்ணன் வூட்டுத் தறில கொண்டுபோயி உக்கார வச்சிருவேன். பொய்யின்னு நெனச்சிக்காத!"

அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. என்னிடம் வந்தார். நான் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, எல்.இ.டி. எல்லாவற்றையும் கழற்றிப் பழைய பல்புகளைப் போட வேண்டும். இரண்டு, சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். மூன்று, இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டையும் அப்படியே செய்தார். பழைய பல்புகள் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. ஒரு சிவப்புக் கண்ணாடி கொல்லையில் சோப்புப் பெட்டியாக இருந்தது. இன்னொன்றில் அண்ணி கோலமாவு வைத்திருந்தார். கழுவித் துடைத்து மாட்டினோம். வண்டி யாருடைய வண்டியோ மாதிரி இருந்தது. பரீட்சை லீவு என்பதால், தைரியத்துக்கு என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார். முன் விளக்கு, பின் விளக்கு எல்லாம் சரி.

"லெஃப்ட் போடு."

போட்டார். டிக்... டிக்... டிக்... மஞ்சள் விளக்கு நிதானமாக எரிந்து அணைந்தது.

"ரைட் போடு. சரி, போதும்." இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"சார், ஒரு நிமிஷம். இது ரிப்பேரு சார்."

"எது?"

"இண்டிகேட்டரு. எவ்ளோ சோம்பேறியா துடிக்குது பாருங்க. நம்ம வண்டி இப்டி கெடையாது சார்."

"நல்லாத்தான்பா இருக்குது."

"இன்னா சார் நல்லா? நீங்க அது நல்லா இருக்கசொல்ல பாக்கணும். படபடபடன்னு அடிக்கும்!"

"படபடன்னு அடிச்சாத்தான்பா அது ரிப்பேரு."

"இல்ல சார், அதான் சார் கரெக்ட்டு. வேணும்னா தோ, இந்தப் பொண்ணக் கேளுங்க. இன்ஜினீரு!"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்த லாரியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வண்டிக்காரனே ரிப்பேருன்னு சொல்ற வண்டிக்கி நான் எப்டிப்பா கையெழுத்து போடறது?" என்று பேனாவை மூடினார். "சரி பண்ணிக்கினு அடுத்த வாரம் வா."

அண்ணி சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே தார்ப்பாய் விழுந்தது. ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போகும்போது அண்ணன் உள்ளே உட்காராமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனார். அந்த வாரம் கரண்ட் போன சாயங்காலங்களில் தெரு முனை வெறும் இருட்டாக இருந்தது. டியூஷன் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நானும் கொஞ்சம் ஓடினேன்.

வாரம் முடிவதற்குள் மச்சானே அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சி, உம் புருசன நீயே வச்சிக்கோ. தறில உக்காருன்னா நெமிசத்துக்கு ஒரு தபா குழிலருந்து ஏறுறாரு, எறங்குறாரு. ஏறி எறங்கி குழியோட ஓரமே சரிஞ்சி போச்சி. அது கூட பரவாயில்ல. தறில பல்பு கட்டி வச்சிக்கிறாரும்மா! நூல இழுத்துக்கினு ஓடற நாடா இந்தப் பக்கம் போனா பச்ச, அந்தப் பக்கம் வந்தா நீலம். என் ஆளுங்க நெய்யறத வுட்டுட்டு வேடிக்க பாத்துக்கினு நிக்கிறாங்க."

"அழகா இருந்திச்சா இல்லையா மச்சான்? அத்த சொல்லு."

மச்சான் பேச்சை மாற்றினார். இத்தனை வருஷமாக மாப்பிள்ளைக்கென்று காலியாக வைத்திருந்த தறியை அன்று காலையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னார். இனி எஃப்.சி. வாங்க வேண்டிய அவசரம் அண்ணனைவிட அவருக்குத்தான் அதிகம். மறுமுறை இன்ஸ்பெக்டரிடம் போகும்போது தானும் வருவதாகச் சொல்லி முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின் சீட்டுக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு கட்டு வெற்றிலையில் பாதியை மடித்து அண்ணன் வாயில் திணித்தார்.

"துப்பாத. முழுங்காத. கையெழுத்து ஆவற வரிக்கும் வாயத் தொறக்காத."

இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் இருந்தது. "இன்னாப்பா, இண்டிகேட்டர் சரி பண்ட்டியா?"

"ம்ம்."

"லெஃப்ட் போடு."

டிக்... டிக்... டிக்... அதே மஞ்சள், அதே நிதானம். அண்ணனுடைய கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. மச்சான் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ சரியா துடிக்குதா?"

"ம்ம்ம்ம்ம்!"

"இன்னா சொல்றாரு?"

"சரியா இருக்குதுன்றாரு சார்," என்றார் மச்சான்.

கையெழுத்து விழுந்தது. கேட்டைத் தாண்டியதும் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "பொய்! அவருகிட்ட பொய் சொல்ட்ட மச்சான்! நான் போயி..." மீதி வெற்றிலை உடனே உள்ளே போனது.

வீடு வந்து சேருவதற்குள் ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. டிக்கியைத் திறந்து எல்.இ.டி. பையை எடுத்தார் அண்ணன். ஸ்குரூ டிரைவரைக் கையில் வாங்கிக்கொண்டவர் மச்சான்தான். காரைச் சுற்றி வந்து, குனிந்து நின்று கேட்டார்:

"மாப்ள, கிளிப்பச்ச இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அன்று சாயங்காலமும் கரண்ட் போனது. தெரு முனையில் பேட்டரி செக் நடந்துகொண்டிருந்தது.

இப்போது எனக்குச் சென்னையில் கார் விளக்குகளைச் சோதிக்கிற வேலை. சிவப்பு சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் மஞ்சளாக இருக்க வேண்டும். இண்டிகேட்டர் விதிப்படி, சீராகத் துடிக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், இது கொஞ்சம் சோம்பேறியாகத் துடிக்கிறதோ என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.