ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு மேதை

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று, இந்த ஊரில் கடவுளையும் பயணிகளையும் ஒரே அளவுக்குக் கலங்கடித்த ஆள் யார் என்று கேட்டுப் பாருங்கள். கடலை விற்கிறவர் கையில் இருக்கும் சுருளைக்கூடக் கீழே வைக்காமல் ‘மேதை’ என்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். வருடக்கணக்காக அவருடைய ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய் வருகிற எனக்கே அது தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை.

மேதை என்ற பெயர் வந்த கதை எளிது. நம் நாட்டில் ஆட்டோவின் முதுகில் ஏதாவது எழுதாவிட்டால் வண்டி நகராது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ஒருவர் ‘அம்மாவின் ஆசி’ என்று எழுதுவார். இன்னொருவர் காதலி கைவிட்ட கதையை நாலு வரியில் எழுதி ஊருக்கே ஒப்பாரி வைப்பார். நம்மாள் வாராவாரம் வெள்ளைப் பெயின்ட்டைக் கரைத்துப் புதிதாக ஒரு பொன்மொழி எழுதுவார். ‘மழைக்குக் குடை பிடிக்கிறாய், விதிக்கு மட்டும் ஏன் கையைக் கட்டுகிறாய்? – ஒரு மேதை.’ ‘கேள்வி கேட்டால் சாமி கோபிக்கும் என்றவனுக்குப் பதில் தெரியாது. – ஒரு மேதை.’ வாரம் மாறும், பொன்மொழி மாறும், அடியில் இருக்கும் ‘ஒரு மேதை’ மட்டும் மாறாது. கடைசியில் அதுவே ஆளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

யார் அந்த மேதை என்று ஒருநாள் கேட்டேன். நானும் நாலு புத்தகம் புரட்டியவன், இந்த வரிகளை எங்கும் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எல்லாம் நானா சொன்னதுதான் மாஸ்டர். என் பேரப் போட்டா, இவன் எந்தத் தோட்டம்னு கேப்பாங்க. தோட்டத்தச் சொன்னா, என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க. மேதைன்னு போட்டா வாயப் பொத்திக்கிட்டு வாசிச்சிட்டுப் போயிருவாங்க.”

ஒருமுறை தமிழ் தெரியாத பொலிஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்து, முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் விசாரித்தார். மேதை ஒளிவு மறைவில்லாமல் மொழிபெயர்த்துச் சொன்னார். பொலிஸ்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார், பிறகு கடமை ஞாபகம் வந்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். ‘சாமியை நம்பாதவனுக்குத்தானே, மாத்தயா, அது கட்டாயம் தேவை’ என்று பணிவாக எடுத்து நீட்டினார் மேதை.

பொன்மொழி, பின்னால் வருகிறவர்களுக்கு. உள்ளே ஏறியவர்களுக்குப் பாட்டு. பாட்டென்றால் மனிதருக்கு உயிர். ஆனால் தமிழில் சாமி வராத பாட்டைத் தேடுவதும் தேயிலை மலையில் அட்டை கடிக்காத இடத்தைத் தேடுவதும் ஒன்றுதான். காதல் பாட்டு அது பாட்டுக்கு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், மூன்றாவது வரியில் காதலன் ‘கடவுளே’ என்பான். மேதை இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். அந்தச் சொல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இடது கை ஹேண்டிலை விட்டுப் பாட்டுப்பெட்டிக்குப் போகும். சத்தம் அடங்கும். சொல் கடந்ததும் மறுபடி எழும். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் சாமி நிற்கிறார் என்பது அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். எந்தப் பூசாரிக்கும் அவ்வளவு தெரியாது.

சிக்கல் என்னவென்றால், டிக்கோயாப் பாதையில் வளைவும் கடவுளும் பல நேரம் சேர்ந்தே வருவார்கள். சாமி வரும் இடத்தில் சத்தத்தைக் குறைப்பாரே தவிர, வளைவு வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்க மாட்டார். அப்போது பின் சீட்டிலிருந்து ‘முருகா!’ என்று கிளம்பும் சத்தத்தை எந்தப் பெட்டியாலும் அடக்க முடியாது. அந்த ஆட்டோவில் ஏறிப் பக்திமானாக இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இவருக்கு வாய்த்தவர் லெட்சுமி அக்கா. கொழுந்து பறிக்கிறவர். செவ்வாய், வெள்ளி விரதம். மலையில் எந்தக் கல்லில் குங்குமம் தெரிந்தாலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கூடையைத் தூக்குவார். ஜாடிக்கேற்ற மூடி என்பார்களே, இங்கே ஜாடியும் மூடியும் வெவ்வேறு கடையில் வாங்கியவை. ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லயத்துக் காம்பிராவிலிருந்து சாமியின் பெயரால் ஒரு சண்டைச் சத்தம் யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் அவரை மேதைதான் கொண்டுபோய் இறக்குவார். அக்கா செருப்பைக் கழற்றி விட்டு, வழக்கமாகச் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்வார்: “நான் கும்பிடுறேன், நீங்க செருப்பப் பாத்துக்கங்க.” மேதை அங்கேயே நிற்பார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். மழை வந்தால் அந்த ரப்பர் செருப்பை எடுத்துத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வார். இதைப் பார்த்துப் பார்த்து மற்றப் பெண்களும் அவர் காலடியில் செருப்பை விட ஆரம்பித்தார்கள். சாமியை நம்பி உள்ளே போனவர்கள் செருப்புக்கு அவரைத்தான் நம்பினார்கள்.

கோயில் தலைவருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. தலைவர், தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. ஓய்வு உத்தியோகத்துக்குத்தான், குரலுக்கு இல்லை. ஒரு திருவிழாவுக்கு ஐயரைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து கூட்டி வர வேண்டியிருந்தது. அந்தக் குண்டும் குழியுமான பாதையில் வேறு எந்த ஆட்டோவும் ஏற மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மேதையைக் கூப்பிட்ட தலைவர், பொன்மொழியைத் துண்டால் மறைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். மேதை சம்மதித்தார். வரும் வழியில் காற்று சம்மதிக்கவில்லை. மேளதாளத்தோடு எதிர்கொண்டு வணங்கிய கூட்டத்துக்கு முன்னால் வண்டி ஒரு அரைவட்டம் அடித்து முதுகைக் காட்டி நின்றது. ‘எல்லாவற்றையும் பார்க்கிற சாமி, லயத்துக் கூரை ஒழுகுவதை மட்டும் ஏன் பார்க்கவில்லை? – ஒரு மேதை.’ இறங்கியதும் அதைச் சத்தமாக வாசித்தவர் ஐயர்தான். வாசித்துவிட்டு, கேள்வி நியாயமானதுதானே என்று வேறு சொல்லிவிட்டார். தலைவர் அன்று பிரசாதம் வாங்காமலே வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

சிரித்தது போதும். இனிச் சொல்லப்போவது எனக்குச் சிரிப்பில்லாத பகுதி.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா தூக்காத பால்குடம் இல்லை. புருஷனுடைய வாயால்தான் வயிறு நிறையவில்லை என்று லயத்தில் சிலர் சொன்னார்கள். சொன்னவர்களின் நாக்கைப் பற்றி நான் எழுதினால் இந்தப் பக்கம் பத்தாது. அது மேதையின் காதுக்கும் எட்டும். அந்த வாரம் பொன்மொழி மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கும்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கண்டிக்குப் போய், திரும்பி வந்தபோது கூடை தூக்கிய அந்த உடம்பில் பாதிதான் இருந்தது. வைத்தியர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், மறைக்காமல் உண்மையையும் சொன்னார்கள். ஊர் வேறொன்று சொன்னது. அக்காவின் அண்ணனும் கோயில் தலைவரும் வந்து, இது ஆத்தாவின் கோபம் என்றார்கள். திருவிழா அன்று மேதை எல்லோருக்கும் முன்னால் அம்மன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் லெட்சுமி பிழைப்பாள், கேட்காவிட்டால் அவள் சாவுக்கு அவர்தான் பொறுப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் மேதை பொன்மொழியை மாற்றவில்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

திருவிழா அன்று அக்காவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பாட்டு இல்லை. வளைவுகளில் வண்டி ஊர்ந்தது. அந்தப் பாதையில் அவர் மெதுவாக ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோயில் வாசலில் ஊரே கூடி நின்றது. அக்காவை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினார். அக்கா செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் மேதையும் குனிந்து தன்னுடைய செருப்பைக் கழற்றினார். தலைவரின் முகத்தில் விடிந்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

அக்கா அவருடைய வெறுங்காலைப் பார்த்தார்.

“எதுக்குங்க கழட்டுனீங்க?”

“உனக்காகத்தான் புள்ள. விழுந்துட்டு வந்துர்றேன். விழுந்தா என்னா கொறஞ்சிரப்போவுது?”

“பொய்யாக் கும்பிட்டா ஆத்தாவுக்குத் தெரியாதா? எனக்கே தெரியுதே.” அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தபடி தலைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “மாட்டுங்க. நான் கும்பிடுறேன், நீங்க செருப்பப் பாத்துக்கங்க.”

நான்தான் அக்காவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். அவர் என்ன வேண்டினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது மேதை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தூறலே இல்லை, ஆனாலும் செருப்பு ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் அக்கா போய்விட்டார்.

நாத்திகன் வீட்டுச் சாவு எப்படி நடக்கும் என்று பார்க்கவே பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. மேதை ஒரு குறையும் வைக்கவில்லை. தலையை மழித்துக்கொண்டார். அக்காவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஈர வேட்டியோடு நீர்மாலைக்குப் போனார். பிள்ளை இல்லாததால் கொள்ளிக்குடத்தையும் தானே தூக்கினார். ஐயர் சொன்னதை எல்லாம் பிசகாமல் செய்தார். தலைவர் பக்கத்தில் வந்து, கடைசியில் ஆத்தா உன்னை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்றார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

“செத்தது நான் இல்லீங்க தலைவரே,” என்றார் மேதை. “அவ. அவ நம்புனா. அவ சாவ அவ இஷ்டப்படிதானே செய்யணும்?”

லயத்து முனையில் நின்ற ஆட்டோவில் அக்காவுக்குப் பிடித்த அம்மன் பாட்டைப் போடச் சொன்னார்கள். மேதையே போய்ப் போட்டார், முழுச் சத்தத்தில். அம்மன் பெயர் வரும் இடம் நெருங்கியதும் அவருடைய இடது கை பழக்கத்தில் பெட்டிக்குப் போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கை பெட்டியின் மேல் அப்படியே இருந்தது. திருகவில்லை. அம்மன் பெயர் மலையெல்லாம் கேட்டது. அவர் குலுங்கிக் குலுங்கி அழுததை அந்தச் சத்தத்தில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆட்டோவின் முதுகு வெறுமையாகிவிட்டது. பழைய பொன்மொழியைச் சுரண்டி எடுத்தவர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. வாரங்கள் போயின. ஊருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கடலைக்காரர் விசாரித்தார். தமிழே தெரியாத அந்தப் பொலிஸ்காரர்கூட, ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று வண்டியை நிறுத்திக் கேட்டார். இதெல்லாவற்றையும்விட ஆச்சரியம், கோயில் தலைவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது. வந்தவர் குடையைக்கூட மடக்கவில்லை.

“மாஸ்டர், அந்தாள ஏதாச்சும் எழுதச் சொல்லுங்க,” என்றார். “என்னையத் திட்டியாச்சும் எழுதட்டும்.”

மறுநாள் போகிற வழியில் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். மேதை வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“என்னாத்த எழுதுறது மாஸ்டர்? சாமிய நம்புறவங்களுக்கு அவ எங்கயாச்சும் இருக்கா. எனக்கு அவ எங்கயுமே இல்ல. வீட்டுக்குப் போனா அடுப்பு அணைஞ்சு கெடக்கு. அதுக்குச் சொல்ல எந்த மேதைகிட்டயும் ஒன்னும் இல்ல.”

பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

இந்த வருடத் திருவிழாவுக்கு நான் நடந்துதான் போனேன். கோயில் வாசலில், வழக்கமான இடத்தில் அந்த ஆட்டோ நின்றது. முதுகில் புது வெள்ளைப் பெயின்ட். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதன் முன்னால் நின்றார். நானும் வாசித்தேன்.

‘நான் கும்பிடுறேன், நீங்க செருப்பப் பாத்துக்கங்க. – லெட்சுமி.’

மேதை பெண்களின் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தூறல் பிடித்ததும் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டோவின் பின் சீட்டில் வைத்தார். என்னைப் பார்த்து, “இது நான் சொன்னதில்ல மாஸ்டர், அதான் பேரு போட்டுட்டேன்,” என்றார்.

நான் என் சப்பாத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். எனக்கென்று கேட்க ஒன்றும் தோன்றவில்லை. வெளியே தூறலில் நிற்கிறவரை நன்றாக வைத்திரு தாயே என்று மட்டும் கேட்டேன். அது அவர் காதில் விழுந்திருந்தால், அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்திருப்பார்.