மூச்சை நிறுத்தச் சொன்னால் 'சரிங்கம்மா' என்றவன்

யார் என்ன பேசினாலும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசினாலும் நான் "ஆமாங்க" போடுவேன். இந்த நல்ல குணம் ஒருநாள் என் மானத்தை வாங்கியது.

மரக்காணம் உப்பளத்தில் நான் மேஸ்திரி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை வெயிலில் பாத்தி நடுவே மயங்கி விழுந்தேன். புதுச்சேரி டாக்டர், "இதயத்துல தழும்பு இருக்குதான்னு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கணும். இருந்தா நெஞ்சுல கருவி வைக்க வேண்டி வரும்" என்றார். என் மனைவி செல்விக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நானோ, "சும்மா படுத்திருக்கிறதுதானே, பெரிய வேலையா?" என்று ஜம்பம் அடித்தேன்.

ஸ்கேன் அன்று என்னைப் படுக்கவைத்து எம்ஆர்ஐ குழாய்க்குள் தள்ளினார்கள். காதில் மாட்டியிருந்த கருவியில், ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் குரல் வந்தது.

"இதயம் அதுபாட்டுக்குத் துடிக்கட்டும். மூச்சும் சேர்ந்து ஆடினா படம் கலங்கிடும். நான் சொல்றப்ப மூச்ச நிறுத்துங்க."

"சரிங்கம்மா."

"இழுங்க... வெளிய விடுங்க... நிறுத்துங்க."

"சரிங்கம்மா." (மரியாதை எங்கள் வீட்டு வளர்ப்பு.)

"ஐயா, பதில் சொல்லக் கூடாது. பேசினா மூச்சு ஓடிடும்."

"மன்னிச்சிடுங்கம்மா, இனிமே பேச மாட்டேன்."

"இழுங்க... விடுங்க... நிறுத்துங்க."

"நிறுத்திட்டேங்க!"

ஏழெட்டு முறை இதே கூத்து. வெளியே கம்ப்யூட்டர் முன்னால் நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். அந்தப் பெண் அலுத்துப்போய், "பாருங்கக்கா, ஒரு இதயம் நாலா தெரியுது" என்றிருக்கிறார்.

செல்வி உற்றுப் பார்த்தாளாம். "மத்த மூணுல யார் யாரு இருக்காங்கன்னு தெரியுமாம்மா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை அவளிடமே நீட்டிவிட்டார். அடுத்த நொடி என் காதில் செல்வி.

"ஏங்க, வீட்ல நான் பேசினா எப்படி இருப்பீங்க? அப்படியே இருங்க."

கல்லாகிப் போனேன். படங்கள் கண்ணாடி மாதிரி விழுந்தன.

தழும்பு இல்லை, மாத்திரை போதும் என்றார் டாக்டர். செல்வி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு கேன்டீனில் இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டாள்.

இப்போதும் அவள் ஏதாவது கேட்டு நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டால், உள்ளேயிருந்து மகள் கத்துகிறாள்:

"அம்மா, தொந்தரவு பண்ணாத! அப்பாவுக்கு ஸ்கேன் ஓடிட்டு இருக்குது!"